அறுபத்து மூன்று கடைகளின் நோட்டு

திருச்செந்தூர்
12-10-96

சித்ராவுக்கு,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன். நலம் என்று தொடங்கினால் பொய். மன்னித்துக்கொள் என்று தொடங்கினால் நீ அந்த வரியோடு கிழித்துப் போட்டுவிடுவாய். அதனால் விஷயத்தை முதலில் சொல்கிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். கோவிலுக்குப் பின்தெருவில் ஒரு லாட்ஜில் வருகிறவர்களுக்கு அறை எழுதிக் கொடுக்கும் வேலை. சாப்பாடு போட்டு மாதம் அறுநூறு ரூபாய். விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. யாரிடமும் காட்டாதே, நம் பிள்ளை கோமுவிடம் கூட.

செவ்வாய்க்கிழமை விடியும் முன் முதல் பஸ்ஸில் ஏறினேன். முந்தின நாள் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "நீங்க இங்கன இருந்து என்னத்தக் கிழிக்கப் போறிய? இல்லாமப் போனாலாவது நாலு பேரு எங்களப் பாவம்னு நெனப்பாவ." கோபத்தில் வந்த பேச்சு என்று தெரியும். ஆனாலும் அன்று பூராவும் யோசித்தேன். நீ சொன்னது சரி என்றே பட்டது.

இரும்புக்கடை முத்துமாலை அண்ணாச்சியிடம் சோடா மெஷினுக்காக வாங்கிய நாற்பத்தைந்தாயிரம். உன் பள்ளிக்கூடத் தோழி ஜனாபா கொடுத்த இருபதாயிரம். நம் பாட்டில்களுக்கு முன்பணம் கட்டியிருக்கும் அறுபத்து மூன்று பெட்டிக்கடைகளுக்குப் பத்தொன்பதாயிரம். ஒவ்வொரு கடை வாசலிலும் பெரிய கம்பெனிக்காரன் சிவப்புப் பெட்டியைக் கொண்டு வந்து வைத்துவிட்டான். அதில் ஐஸோடு கிடக்கும் கலரை விட்டுவிட்டு நம் கோலி சோடாவை யார் கேட்கிறார்கள்? புது மெஷின் வந்தால் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். மெஷின் வந்தது, விற்கத்தான் இடமில்லை.

நெல்லையில் வக்கீலைப் பார்த்தேன். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாம் என்கிறார். கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் சட்டையைப் பிடிக்க முடியாதாம். கையெழுத்துப் போட்டு ஐந்நூறு ரூபாயும் கட்டியாயிற்று. கடன்காரர்கள் பட்டியல் ஒன்றுதான் பாக்கி. அதற்காகத்தான் கம்பெனிக் கணக்கு எழுதிய நீல நோட்டை எடுத்து வந்தேன். தை முடிவதற்குள் பட்டியலை எழுதிக் கொடுக்க வேண்டும்.

கம்பெனியைப் பூட்டியே வைத்திரு. யார் வந்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு.

சிவகணேஷ்

*

முக்கூடல்
17-10-96

அத்தானுக்கு,

உறையைப் பிரிக்கும் முன்பே தபால் முத்திரையைப் பார்த்துவிட்டேன். கடல் வரைக்கும் ஓடிப் போய், அதற்கு மேல் தரை இல்லாததால் நின்றுவிட்டீர்கள் போலிருக்கிறது.

நீங்கள் போன அன்று காலை ஏழு மணிக்குக் கருத்தையா வழக்கம்போல வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு, "மொதலாளி எங்க, இன்னைக்கு எந்த லைனு?" என்று கேட்டான். பத்து வருஷமாக நம் சோடாவை மூன்று சக்கர வண்டியில் வைத்து மிதித்தவன். அவனிடம் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அது அப்போது உண்மையாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது! பதினான்கு வருஷம் கூட இருந்தவளுக்கு, நீங்கள் ஆற்றில் விழுந்தீர்களா, ரயிலில் விழுந்தீர்களா என்று தெரியாது. நாலு நாள் சேரன்மகாதேவி வரை ஆள் விட்டுத் தேடினேன். கோமு பள்ளிக்கூடம் போகவில்லை. நான் சொன்ன ஒரு பேச்சைக் காகிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அந்த நாலு நாளையும் எழுதி அனுப்பினால் உங்கள் லாட்ஜ் மேஜை கொள்ளாது.

முத்துமாலை அண்ணாச்சி வந்தார். வாசலில் நின்றுகொண்டே பேசினார். "ஓடிப் போனவன் பொண்டாட்டிகிட்ட நான் என்னத்தக் கேக்க? வந்தா சொல்லு தாயி, மெஷின நான் தூக்கிக்கிடுவேன்." தெருவே கேட்டது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். முத்துமாலை அண்ணாச்சி வட்டி பார்த்துக் கொடுத்தவர், அவரைப் பட்டியலில் எழுதினால் அவர் பாடு. ஆனால் ஜனாபாவின் பணம் அப்படி இல்லை. மகள் சபீதாவின் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்ததை ஒரு துண்டுச் சீட்டு கூட வாங்காமல் எடுத்துக் கொடுத்தாள். உங்களைப் பார்த்துக் கொடுக்கவில்லை, என் முகத்துக்குக் கொடுத்தாள். கோர்ட்டுப் பட்டியலில் அவள் பெயர் ஏறினால் அந்த இருபதாயிரமும் போச்சு என்று அர்த்தம். அவள் பெயரை நீங்கள் எழுதுகிற அன்றைக்கு நான் கோமுவைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டை விட்டுப் போய்விடுவேன். இது கோபத்தில் வருகிற பேச்சு இல்லை. சோறு வடித்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

கம்பெனியை மூடத்தான் வேண்டும், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒழுங்காக மூட வேண்டும். எந்தக் கடையில் எத்தனை பாட்டில், எவ்வளவு முன்பணம் என்பதெல்லாம் அந்த நோட்டில்தானே இருக்கிறது? அதை உடனே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சித்ரலேகா

*

திருச்செந்தூர்
24-10-96

சித்ராவுக்கு,

நோட்டை அனுப்ப முடியாது. வக்கீலுக்குப் பட்டியல் எழுத வேண்டும். அது உன் கையில் இருந்தால் ஒவ்வொருவனும் வந்து என் பெயரைக் காட்டு என்பான், நீயும் காட்டுவாய்.

இங்கே எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. வேலை என்னவோ உட்காருகிற வேலைதான். சாவிகளை எண்ணுகிறேன், திரும்ப எண்ணுகிறேன். யாராவது பதிவேட்டில் எழுதும்போது முகத்தைப் பார்ப்பதில்லை, ஊர் என்கிற கட்டத்தைத்தான் பார்க்கிறேன். கோவில்பட்டி, சாத்தூர் என்றால் மூச்சு வருகிறது. நேற்று ஒருவர் அம்பாசமுத்திரம் என்று எழுதினார். தண்ணீர் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போய் அரை மணி நேரம் நின்றேன்.

நூற்றைம்பது ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். கோமுவுக்குத் தீபாவளிக்கு ஏதாவது வாங்கு.

ஜனாபா விஷயத்தை யோசிக்கிறேன்.

சிவகணேஷ்

*

முக்கூடல்
13-11-96

அத்தானுக்கு,

உங்கள் மணியார்டரில் கோமுவுக்குப் பாவாடைத் துணி எடுத்தேன். "அப்பா எங்கம்மா இருக்காவ?" என்று கேட்டாள். வேலை தேடிப் போயிருக்காவ என்று சொன்னேன். இனிமேல் அது பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நீங்கள் ஜனாபா விஷயத்தை யோசிப்பதற்குள் நான் வேறு சில விஷயங்களை யோசித்துவிட்டேன். நோட்டு வராது என்று தெரிந்ததும் கம்பெனியைத் திறந்தேன். சர்க்கரை மூன்று மூட்டை இருந்தது. இனிமேல் பாகு காய்ச்சப் போவதில்லை, எறும்புக்கு வைத்து என்ன செய்ய? மிட்டாய்க் கடைக்கு விற்றேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கையில் நின்றது.

பாட்டிலுக்கு ஆள் தேடியது கருத்தையாதான். புனலூரில் ஒரு சோடா கம்பெனிக்காரர் பழைய கோலி பாட்டில் ஒன்றுக்கு எட்டு ரூபாய் கொடுக்கிறாராம். நம்மிடம் கடைக்காரர்கள் கட்டியிருக்கும் முன்பணம் பாட்டிலுக்கு ஐந்து ரூபாய். இதில் ஒரு சிக்கல். முன்பணம் கொடுத்தால்தான் பாட்டில் தருவேன் என்கிறார்கள் கடைக்காரர்கள். பாட்டிலைப் பார்த்தால்தான் பணம் என்கிறார் புனலூர்க்காரர். எங்கே ஆரம்பிப்பது? ஆயிரத்து எண்ணூறைக் கொண்டு ஆறு கடைக்கு மட்டும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முந்நூற்று அறுபது பாட்டில் வந்தது. புனலூர் லாரி வந்து எடுத்துக்கொண்டு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு அடுத்த கடைகளுக்குப் போகிறேன். வாரம் ஒரு லாரி.

நோட்டு இல்லாமல் எப்படிக் கணக்கு என்று கேட்பீர்கள். கடைக்காரர்களையே கேட்கிறேன். "அண்ணாச்சி, நீங்க எத்தனை பாட்டிலுக்கு எவ்வளவு கட்டியிருக்கிய?" அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறேன். முதல் நாள் கூசியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

எலிசபெத்தை நினைவிருக்கிறதா? பாளையங்கோட்டையில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருக்கிறாளே, அவள்தான். அங்கே ஆக்சிஜன் சிலிண்டர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். காஸ் பழக்கம் உள்ளவராக இருந்தால் நல்லது என்றாளாம் பெரிய நர்ஸம்மா. உங்களை நினைத்துக்கொண்டேன்.

சித்ரலேகா

*

திருச்செந்தூர்
20-11-96

சித்ரா,

புத்தி கெட்டுப் போய்விட்டதா உனக்கு? நோட்டு இல்லை என்று தெரிந்தால் பத்துப் பாட்டில் வைத்திருப்பவன் இருபது என்பான். ஐம்பது கட்டியவன் நூறு கட்டினேன் என்பான். என் மானம் கப்பல் ஏறியது போதாதென்று நீ அறுபத்து மூன்று வாசலில் போய் நின்று என் கணக்கை அவர்களிடமே கேட்கிறாயா? எவனும் உன் முகத்துக்கு எதிரே சிரிக்க மாட்டான், நீ நாலு எட்டு நடந்த பிறகு சிரிப்பான்.

இதுவரை எழுதியதை எனக்கு அனுப்பு. நோட்டோடு ஒத்துப் பார்க்கிறேன். யார் யார் எவ்வளவு ஏமாற்றினான் என்று நீயே தெரிந்துகொள்வாய்.

ஆஸ்பத்திரி வேலை வேண்டாம். பதினாறு வருஷம் முதலாளி என்று கூப்பிடப்பட்டவன் சிலிண்டர் உருட்டப் போக மாட்டான்.

சிவகணேஷ்

*

முக்கூடல்
6-12-96

அத்தானுக்கு,

பட்டியல் இதோடு இருக்கிறது. அறுபத்திரண்டு கடை. பாட்டில் எத்தனை, அவர்கள் சொன்ன முன்பணம் எவ்வளவு, நான் திருப்பிக் கொடுத்த தேதி. அறுபத்து மூன்றாவது கடைக்காரர், பாப்பாக்குடி ரோடு பிரிகிற விலக்கில் இருப்பவர், நீங்கள் ஓடிய மறு வாரமே நம் பாட்டிலை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார். கேட்டால், "நீங்க கம்பெனியவே வித்துட்டுப் போயிட்டியன்னு நெனச்சேன்" என்றார். ஆக, ஒருவர் உங்கள் பேச்சை நிரூபித்திருக்கிறார். சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களை நீங்களே ஒத்துப் பாருங்கள்.

ஒன்று சொல்லட்டுமா? நேற்று கடைசி லாரி போனது. கருத்தையா ஒவ்வொரு சுமைக்கும் முதல் பாட்டிலை ஒன்று என்று எண்ண மாட்டான், "லாபம்" என்றுதான் தொடங்குவான், உங்களுக்குத் தெரியுமே. லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே போனான். மூடுகிற கம்பெனியில் என்னடா லாபம் என்று சிரிப்பு வந்தது. லாரி போன பிறகு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் நிஜமாகவே லாபம்! எல்லாருக்கும் முன்பணம் கொடுத்தது போக, சர்க்கரைப் பணத்தையும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். மூன்று வருஷத்தில் நம் கம்பெனி சம்பாதித்த ஒரே லாபம், அதை மூடும்போது வந்தது.

கருத்தையாவின் சம்பள பாக்கி ஆயிரத்து ஐந்நூறைக் கொடுத்தேன். வண்டியையும் அவனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், காய்கறி ஏற்றப் போகிறானாம். பிறகு பத்தாயிரத்தை எடுத்துக்கொண்டு ஜனாபா வீட்டுக்குப் போனேன். அவள் எண்ணவில்லை. "இப்ப எதுக்குப் புள்ள கொண்டாந்தே? சபீதாவுக்கு இன்னும் மாப்பிள்ளையே அமையலயே" என்றாள். அழுதுவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. அவள் டீ போட்டுக் கொடுத்தாள். மீதிப் பத்தாயிரத்துக்கு அவளுக்கு இன்னும் என் முகம்தான் சீட்டு.

முத்துமாலை அண்ணாச்சி மட்டும் இளகவில்லை. மெஷினை இருபத்தெட்டாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், மிச்சம் பதினேழாயிரத்துக்கு மாதம் ஐந்நூறு வீதம் தாருங்கள் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் புதுப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். "பொம்பளை கையெழுத்து எனக்கு வேண்டாம் தாயி. அவன் வந்து என் முன்னால உக்காந்து போடட்டும்." அவரோடு எனக்கும் சண்டைதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது நியாயம் என்று தோன்றுகிறது.

சித்ரலேகா

*

திருச்செந்தூர்
16-12-96

சித்ராவுக்கு,

இரண்டு நாள் லீவு போட்டு ஒத்துப் பார்த்தேன். கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். ஒரு தொடையில் உன் பட்டியல், ஒரு தொடையில் நோட்டு.

அறுபது கடை ஒத்துப்போகிறது. பாட்டில் பிசகவில்லை, காசு பிசகவில்லை.

இரண்டு ஒத்துப்போகவில்லை. முதலாவது, பஸ் நிறுத்தத்துப் பேச்சிராஜ். உன்னிடம் முப்பத்தாறு பாட்டிலுக்கு நூற்றெண்பது ரூபாய் வாங்கியிருக்கிறான். நோட்டில் இருப்பது இருபத்து நாலு பாட்டில், நூற்றிருபது. பார்த்தாயா என்று உனக்கு எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். அறுபது ரூபாய் திருடன், என்ன ஒரு சந்தோஷம் எனக்கு! மூடியைத் திறந்து, "பேச்சிராஜ்" என்று எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருஷம் சித்திரையில் கோமுவுக்குக் காய்ச்சல் வந்து சேரன்மகாதேவிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அன்று கையில் காசில்லை. பஸ் நிறுத்தத்தில் அவனிடம், இன்னும் ஒரு டஜன் பாட்டில் போடுகிறேன், முன்பணம் கொடு என்று அறுபது ரூபாய் வாங்கினேன். பாட்டில் அனுப்பினேன். நோட்டில் எழுதவில்லை. மறந்துவிட்டேன்.

பொய் சொன்னது பேச்சிராஜ் இல்லை, என் நோட்டு. ஊரில் எல்லாரும் ஏமாற்றுவார்கள் என்று அதை ஒளித்து எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, சித்ரா. வேறு சொல் தெரியவில்லை.

இரண்டாவது, பாலத்தடிக் கடை சுடலைவடிவு. நோட்டில் நாற்பத்தெட்டு பாட்டில். அவள் நாற்பத்தாறு என்று சொல்லி, குறைத்து வாங்கியிருக்கிறாள். பாவம், படிப்பில்லாதவள், எண்ணத் தெரியவில்லை போலிருக்கிறது.

வக்கீலுக்குப் பட்டியலை இதுவரை நாலு தடவை எழுத ஆரம்பித்தேன். முத்துமாலை அண்ணாச்சியை எழுதிவிடுகிறேன். அடுத்த பெயர் ஜனாபா. அங்கே வந்ததும் எழுந்து போய் மோட்டாரைப் பார்க்கிறேன். இந்த லாட்ஜ் மோட்டாரை இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் கிழித்துப் போடவும் கை வரவில்லை. அது இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் தூங்குகிறேன்.

சிவகணேஷ்

*

முக்கூடல்
2-1-97

அத்தானுக்கு,

சுடலைவடிவுக்கு எண்ணத் தெரியும். அவள் வீட்டு ஆடு முட்டி இரண்டு பாட்டில் உடைந்துபோனது. அதற்கான முன்பணத்தைக் கழித்துக்கொண்டுதான் கேட்டாள். பாட்டில் எட்டு ரூபாய்க்குப் போகிறதே, உங்களுக்கு மூணு மூணு ஆறு ரூபாய் நட்டம் வைத்துவிட்டேனே என்று அதையும் கொடுக்க வந்தாள். நான் வாங்கவில்லை. ஆட்டுக்கு என்ன தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எலிசபெத் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பிப்ரவரி பத்தாம் தேதி, திங்கட்கிழமை ஆள் வேண்டும். மாதம் ஆயிரத்து நானூறு. சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும் என்றாள். சோப்பு நுரை பூசிப் பார்ப்பார் என்று சொன்னேன். "அதுதான், அதேதான்" என்றாள். நீங்கள் கம்பெனியில் தினமும் செய்ததுதானே? அங்கே அடைத்த காற்றைக் குடித்து ஊரே ஏப்பம் விட்டது. ஆஸ்பத்திரியில் அடைத்த காற்றில் நாலு பேர் மூச்சு விடுவார்கள். இதில் கேவலம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

உங்களுக்கு அந்த மஞ்சள் கடுதாசி தைரியம். எனக்கு எது தைரியம் என்று கேட்டீர்களா? முத்துமாலை அண்ணாச்சிக்கு மாதம் ஐந்நூறு, ஜனாபாவுக்கு முந்நூறு என்று போட்டு வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்தில் முடியும். நீங்கள் வந்தால்.

இனி நான் எழுத மாட்டேன். உங்களிடமிருந்து ஒரு முடிவு வந்தால் பதில் போடுவேன்.

சித்ரலேகா

*

திருச்செந்தூர்
25-1-97

சித்ராவுக்கு,

நேற்று முன்தினம் தைப்பூசம். நாலு நாளாகப் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகக் கூட்டம். நெல்லைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர்கள். லாட்ஜ்காரர் அறைகளை எல்லாம் மணிக்கணக்கில் குளிக்கவும் துணி மாற்றவும் வாடகைக்கு விட்டார். எனக்குப் பேனாவைக் கீழே வைக்க நேரமில்லை.

பூசத்தன்று காலை ஒன்பது மணி இருக்கும். ஒரு பெரியவர் பதிவேட்டில் குனிந்து எழுதினார். ஊர்க் கட்டத்தில் "முக்கூடல்" என்று விழுந்தது. நான் நிமிரவே இல்லை. மோட்டார் என்று முனகிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே குழாயடியில் ஒரு பெண்பிள்ளை காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பாதம் இரண்டும் கொப்புளம். நிமிர்ந்து பார்த்தாள். சுடலைவடிவு.

"மொதலாளி!" என்றாள். "ஏ மொதலாளி, இங்கனயா இருக்கிய?"

ஓட இடமில்லை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. கத்தப் போகிறாள், ஊரைக் கூட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பிலிருந்து முந்தானையை உருவி, முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.

"ரெண்டு பாட்டில ஆடு ஒடச்சுப் போட்டு. அக்காகிட்டக் குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாவ. அடுத்தவக காசோட சன்னதிக்கு எப்பிடிப் போவ? நீங்க எங்க இருக்கியன்னு ஆருக்குந் தெரியாதுல்லா, அதான் ஒங்க பேரச் சொல்லி உண்டியல்ல போட்டுருவோம்னு முடிஞ்சு வச்சிருந்தேன். முருகன் ஆளையே காட்டிட்டான். பிடிங்க."

ஆறு ரூபாய். ஐந்து ரூபாய்த் தாள் ஒன்று, வேர்வையில் நனைந்திருந்தது. ஒரு ரூபாய்க் காசு ஒன்று.

முக்கூடலிலிருந்து இங்கே வரைக்கும் அந்தக் கொப்புளக் காலோடு எனக்குத் தர வேண்டிய கடனைச் சுமந்து நடந்து வந்திருக்கிறாள். நான் பஸ்ஸில் ஏறி ஓடி வந்தேன். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் கை நீண்டுவிட்டது. வாங்கிக்கொண்டேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. "இப்ப நிம்மதியாப் போவேன்" என்று சொல்லிவிட்டு, "பைய ஊருக்கு வாங்க மொதலாளி. அக்கா ரொம்ப மெலிஞ்சுட்டாவ" என்றாள். என்ன கடன், எத்தனை பேருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று நான் திரும்ப மேஜைக்குப் போய் முக்கூடல்காரர்கள் பதினேழு பேருக்கும் என் கையால் அறை எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொள்ளட்டும்.

வக்கீலுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், மனு வேண்டாம் என்று. ஐந்நூறு ரூபாயைத் திருப்பித் தர மாட்டாராம். என் முட்டாள்தனத்துக்குச் செலவு என்று வைத்துக்கொள்.

எலிசபெத்திடம் சொல். நான் சிலிண்டர் உருட்டுகிறேன். நீ வரச் சொல்வாயா?

சிவகணேஷ்

*

முக்கூடல்
31-1-97

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுக் கோமுவிடம் கொடுத்தேன். யாரிடமும் காட்டாதே என்று நீங்கள் எழுதியது எனக்கு மறந்துவிட்டது.

முதலில் என் பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். இல்லாமல் போனாலாவது என்று அன்று சொன்னேனே, அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். எழுத வந்தது, நீங்கள் செய்ததை நினைத்ததும் கை நின்றுவிட்டது. நீங்கள் இல்லாமல் யாரும் என்னைப் பாவம் என்று நினைக்கவில்லை, கெட்டிக்காரி என்றுதான் சொன்னார்கள். ஆனால் எனக்கு நன்றாக இல்லை. ஒரு நாள் கூட நன்றாக இல்லை.

எலிசபெத்திடம் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை எட்டு மணிக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அதற்கு முன் சனிக்கிழமை ஊருக்கு வாருங்கள். ஆனால் ஒரு நிபந்தனை. போனது போல விடியும் முன் வந்து கொல்லைப்புறமாக நுழையக் கூடாது. பகல் பத்து மணி பஸ்ஸில் வாருங்கள். கடைத்தெரு திறந்திருக்கும். பேச்சிராஜ் கடை, அதற்கடுத்த மூன்று கடை, முத்துமாலை அண்ணாச்சியின் இரும்புக்கடை, எல்லாவற்றையும் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். அண்ணாச்சி பத்திரத்தோடு காத்திருப்பார். கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். நான் துணைக்கு வர மாட்டேன். சமைத்து வைத்திருப்பேன்.

சித்ரலேகா

*

திருச்செந்தூர்
5-2-97

சித்ராவுக்கு,

சனிக்கிழமை பத்து மணி பஸ்.

லாட்ஜ்காரரிடம் சொல்லிவிட்டேன். புது ஆளுக்குச் சாவிகளை எண்ணிக் கொடுத்துவிட்டேன், மோட்டார் சுவிட்ச் எங்கே என்றும் காட்டினேன்.

நீல நோட்டில் ஒரே ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. பேச்சிராஜிடம் அன்று வாங்கிய அறுபது ரூபாயை அதில் தேதி போட்டு எழுதினேன். அதன் கீழே: சுடலைவடிவு, பாட்டில் இரண்டு, வரவு ரூபாய் ஆறு. அந்த ஆறு ரூபாயைச் செலவழிக்கவில்லை. சட்டைப் பையில் இருக்கிறது.

முத்துமாலை அண்ணாச்சி என்ன சொல்வாரோ, எத்தனை பேர் கேட்க நிற்பார்களோ. வரும்போது இந்த நோட்டைப் பெட்டிக்குள் துணிக்கு அடியில் ஒளித்துக் கொண்டு வந்தேன். இந்த முறை பெட்டியில் வைக்க மாட்டேன். எல்லாரும் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

கோமுவை வாசலில் நிற்கச் சொல்.

சிவகணேஷ்